சூலு நாட்டின் வேலியோரச் சிற்றூர்கள்



ஆபிரிக்கா என்று சொன்ன மாத்திரத்தே நம்மிற் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவன சிங்கமும் யானையும் காண்டாமிருகமுமே. அக்கண்டத்துக்குச் சென்று மீள்வோரும் தாம் கண்ட விலங்குகளை எண்ணிச் சொல்வதோடு அமைந்துவிடுகின்றனர். அவ்விலங்குகள் வாழும் காடுகளுக்கு வேலி உண்டு என்பதும், வேலிக்கு இப்புறத்தில் ஊர்கள் உண்டு என்பதும், அவ்வூர்களில் நம்மைப் போலவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாடு வளர்த்து, பாய் பின்னிச் சீவிக்கும் மக்கள் உண்டு என்பதும் அவர்களுடைய கதையில் இடம்பெறுவதில்லை. அக்குறையை இன்று சிறிதளவு நீக்க முயல்கிறேன். தென்னாபிரிக்காவின் சூலு நாட்டில், வனவிலங்குச் சரணாலயங்களையும் ஈரநிலங்களையும் அடுத்திருக்கும் சில சிற்றூர்களுக்கு உங்களை அழைத்துச் செல்வதே என் நோக்கம்.

இந்து சமுத்திரத்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டேர்பன் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிச் சென்று, துகேலா என்னும் ஆற்றைக் கடந்தால் பழைய சூலு இராச்சியத்தின் மண்ணை மிதித்தவராவோம். ஷாகா மன்னன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி எழுப்பிய அவ்விராச்சியம், 1879ஆம் ஆண்டில் ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போரின் பின் சிதைவுற்றது. 1887இல் ஆங்கில முடிக்குரிய நிலமாக்கப்பட்டது. 1897இல் நேற்றால் குடியேற்ற நாட்டோடு சேர்க்கப்பட்டது. இன்று குவாசூலு-நேற்றால் என்னும் மாகாணத்தின் வடபகுதியாக விளங்குகிறது. அதன் வட எல்லையில் மொசாம்பிக்கும் எஸ்வாத்தினியும் உள்ளன.

வழி நெடுகக் கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்புத் தோட்டங்களே. கரும்பைக் கண்டதும் தமிழர் ஒருவர் நின்று நோக்காமல் இருத்தல் அரிது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் டேர்பனை அடைந்தது. நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியருள் முதல் தொகுதியினர் அக்கப்பலில் வந்தவர்கள். அவர்களுட் பலர் தமிழர். அக்கரும்பு பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், துகேலாவைக் கடந்து சூலு நாட்டுக்குள்ளும் புகுந்தது. இந்தக் கரும்பை நினைவில் வைத்திருக்குமாறு நேயர்களை வேண்டுகிறேன். பின்னர் ஓர் ஏரியின் கதையில் மீண்டும் இதனைச் சந்திப்போம்.

டேர்பனிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தில் ம்துபாதுபா என்னும் ஊர் வருகிறது. உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டு கடந்துபோகும் ஊர் அது. எனினும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதுவே சந்தை, அதுவே மருந்துக்கடை, அதுவே பேருந்து நிலையம். சிற்றுந்துகள் நிற்குமிடத்தில் பெண்கள் பழங்களையும் பாய்களையும் கூடைகளையும் பரப்பி விற்பனை செய்கின்றனர். கூடைகள் இலாலா என்னும் மரத்தின் ஓலையால் இழைக்கப்பட்டவை. நமது பனையைப் போன்றே விசிறி வடிவான ஓலையுடைய மரம் அது. அதிலிருந்து கள்ளும் இறக்குவர் என்று கேட்டபோது யாழ்ப்பாணத்து நினைவு வராமற் போகவில்லை.

அச்சந்தையில் எவரை அணுகினாலும் முதலிற் சொல்ல வேண்டிய சொல் ‘சவுபோனா’ என்பது. வணக்கம் என்று நாம் மொழிபெயர்க்கலாம். ஆயினும் ‘உம்மைக் காண்கிறோம்’ என்பதே அதன் நேர்ப்பொருள். வணக்கம் கூறாமல் விலை கேட்பது அங்கே பண்பாகாது. வயது முதிர்ந்த பெண்மணியை ‘கோகோ’, அதாவது பாட்டி, என்று அழைத்தல் மரியாதை. இவ்விரு சொற்களையும் கற்றுக்கொண்டு செல்பவருக்கு அவ்வூர்களின் கதவு பாதி திறந்துவிடும்.

ம்துபாதுபாவிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்துக்குள் சென் லூசியா என்னும் சிறு நகரை அடையலாம். 1575ஆம் ஆண்டில் போர்த்துக்கேய மாலுமி ஒருவர் இட்ட பெயர் இது. ஒருபுறம் கழிமுகமும், மறுபுறம் கடலும், ஏனைய இடமெல்லாம் காப்புக்காடுமாகச் சூழ்ந்திருக்கும் ஊர். பகலில் இங்கே விடுதிகளும் உணவுச்சாலைகளும் பழக்கடைகளுமாக உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பர். இரவானதும் நீர்யானைகள் கழிமுகத்தை விட்டேறி, வீதிகளிலும் வீட்டுமுற்றங்களிலும் புல்மேயப் புறப்படுகின்றன. இருட்டியபின் நடந்து செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகைகளை ஊரெங்கும் காணலாம். வேடிக்கைக்காக வைத்தவை அல்ல அவை; ஆபிரிக்காவில் மனிதரைக் கொல்லும் பெருவிலங்குகளுள் நீர்யானையும் முன்னிலையில் நிற்பது.

இந்நகரைச் சூழ்ந்துள்ள காப்புநிலம் இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா எனப்படும். இசிமங்கலிசோ என்றால் அதிசயம் என்று பொருள். ஏறத்தாழ 220 கிலோமீற்றர் நீளமான கடற்கரையும், ஏரிகளும், நாணற் சதுப்புகளும், கண்டற்காடுகளும், வானளாவிய மணற்குன்றுகளும் அதனுள் அடங்கும். நூற்றுக்கணக்கான நீர்யானைகளும், முதலைகளும், பூநாரைகளும், கூழைக்கடாக்களும் அங்கே வாழ்கின்றன. சென் லூசியா ஏரித் தொகுதி 1986இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பதிவு செய்யப்பட்டது. நமது நாட்டின் பூந்தல 1990இல் இடம்பெற்றதும் இதே பட்டியலிலேதான்.

இப்பொழுது கரும்பின் கதைக்கு வருவோம். முன்னாளில் இம்பொலோசி என்னும் ஆறும் சென் லூசியா ஏரியும் ஒரே வாயினூடாகக் கடலிற் கலந்தன. ஆறு கொண்டுவரும் வண்டலை அதன் சமவெளியிலிருந்த நாணற் சதுப்பு வடிகட்டித் தெளிந்த நீரை மட்டும் அனுப்பியது. அச்சமவெளியிற் கரும்பு பயிரிட முற்பட்டோர் சதுப்பை வடித்துக் கால்வாய் வெட்டினர். வடிகட்டி அழிந்ததும் வண்டல் நேரே கழிமுகத்தில் வந்து படிந்தது. கழிமுகம் தூர்ந்துவிடும் என்று அஞ்சி, 1952இல் ஆற்றைப் பிரித்து அதற்கு வேறொரு கடல்வாய் அமைத்தனர். வண்டல் நின்றது, அதனோடு நன்னீரும் நின்றது. மழை பொய்த்த காலங்களில் ஏரி உவர் மிகுந்து வாடியது. 2002இல் ஏரியின் வாய் மணலால் அடைபட்டது. 2006இல் ஏரியின் பெரும்பகுதி வறண்டு வெறும் சேற்றுத் தரையாகக் காட்சியளித்தது.

இதன்பின் ஆற்றையும் ஏரியையும் மீண்டும் சேர்ப்பதே மருந்து என்று அறிஞர் கண்டனர். 2012 முதல் அப்பணி படிப்படியாக நடைபெற்றது. ஆனால் நீர்மட்டம் உயர்ந்தபோது கரும்பு விவசாயிகளின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. தூண்டில்காரரும் விடுதி நடத்துவோரும் கடல்வாய் திறந்திருக்க வேண்டும் என்றனர். 2021 சனவரியில் இயந்திரங்களைக் கொண்டு வாய் திறக்கப்பட்டது. அது தகுமா தகாதா என்று ஆராய அரசாங்கம் அறிஞர் குழுவொன்றை நியமிக்க நேர்ந்தது. கழிமுகத்தின் பாலத்தில் நின்று நீரைப் பார்க்கும் பிரயாணிக்கு இவையொன்றும் தெரிவதில்லை. ஒரு மணல்வாய் திறப்பதும் மூடுவதும் ஓர் ஊரின் பிழைப்பையும், ஒரு சமவெளியின் விளைச்சலையும், ஓர் ஏரியின் உயிரையும் ஒருங்கே தொடுகிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் கருதித் தீர்ப்புக் கூறுதல் எளிது; மூன்றையும் கருதுதல் கடினம்.

சென் லூசியாவின் கிழக்குக் கரையிலுள்ள மணற்குன்றுகளைப் பற்றியும் கூறவேண்டும். நமது புல்மோட்டை மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகிய கனிப்பொருள்கள் உண்டென்பதை நேயர்கள் அறிவர். அதே கனிப்பொருள்கள் இக்குன்றுகளிலும் உள்ளன. அவற்றை அகழ்ந்தெடுக்க ஒரு கம்பனி முற்பட்டபோது, 1989 முதல் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நீண்ட ஆராய்ச்சிக்கும் வாதத்துக்கும் பின்னர், 1996இல் நெல்சன் மண்டேலாவின் அமைச்சரவை அகழ்வு வேண்டாம் என்று முடிவு செய்தது. 1999இல் யூனெஸ்கோ அந்நிலத்தை உலக மரபுரிமையாக ஏற்றது.

இது இயற்கையின் வெற்றி என்று புத்தகங்கள் எழுதுகின்றன. உண்மையே. ஆயினும் அக்கரையில் முன்னர் மக்கள் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. பங்காசி ஏரியைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்கள், தேவதாரு நடுகைக்காகவும் காப்புக்காட்டுக்காகவும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்து அகற்றப்பட்டன. அவர்கள் தம் காணியைக் கோரி வழக்காடினர். 1999இல், உலக மரபுரிமைப் பட்டம் கிடைத்த அதே ஆண்டில், அக்கோரிக்கைக்கும் தீர்வு கிடைத்தது. மக்கள் மீண்டும் குடியேறுவதில்லை. பதிலாக இழப்பீடும், பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கும், முன்னோரின் புதைகுழிகள் உள்ள இடத்துக்குச் சென்று வழிபடும் உரிமையும் அவர்களுக்கு உரியனவாயின. மூதாதையரின் மண்ணுக்கு இவை ஈடாகுமா என்று கேட்பின், ஆகாது என்றே நான் சொல்வேன். ஆயினும் வேலி இட்டவர்கள் வேலிக்கு வெளியே நின்றவர்களின் கணக்கை முதன்முறையாக ஏட்டில் எழுதிக்கொண்டார்கள் என்பதை மறுக்கமுடியாது.

நான் அங்கே சென்றது மே மாதம். கழிமுகத்து ஓரங்களில் இன்செமா என்னும் கோரையை அறுக்கும் பருவம் அது. ஆண்டுக்கொருமுறை, குறித்த சில நாட்களில், அனுமதி பெற்ற பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து, அரிவாளால் அறுத்து, கட்டுக்கட்டாகச் சுமந்து செல்கின்றனர். முதலைகள் வாழும் நீர்க்கரையில் முழங்காலளவு சேற்றில் நின்று செய்யும் வேலை. இக்கோரையாலான பாய் இல்லாமல் சூலு மக்களின் திருமணம் நடைபெறாது. மணமகள் கணவன் வீட்டாருக்குக் கொடுக்கும் சீரில் பாய்க்கே முதன்மை. காப்புநிலத்துக்குள் மக்கள் புகுந்து அறுப்பதால் கோரை அழிந்துவிடவில்லை. காலமறிந்து அறுப்பதால் அடுத்த ஆண்டும் தழைக்கிறது. சந்தையில் ஒரு பாயை விலைபேசும்போது, அதன் பின்னால் உள்ள இவ்வுழைப்பை அறிந்தவர் விலையைக் குறைக்கும்படி கேட்க நாணுவர்.

இனி உள்நாட்டுக்குச் செல்வோம். ஷ்லுஷ்லுவே என்பது அன்னாசித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். முள்ளடர்ந்த கொடியொன்றின் பெயரால் ஆறும், ஆற்றின் பெயரால் ஊரும் வழங்குகின்றன. இதன் அருகிலுள்ள ஷ்லுஷ்லுவே, இம்பொலோசிக் காடுகள் 1895ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டவை; ஆபிரிக்காவின் மிகப் பழைய சரணாலயங்களுள் எண்ணத்தக்கவை. தென்பகுதி வெண்காண்டாமிருகம் எல்லா இடங்களிலும் வேட்டையாடி ஒழிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாக இக்காட்டில் மாத்திரம் எஞ்சியிருந்தது. இங்கே பெருகிய விலங்குகளை 1961 முதல் பிற நாடுகளுக்கும் அனுப்பிக் குடியேற்றினர். இன்று உலகில் வாழும் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட தென்பகுதி வெண்காண்டாமிருகங்களும் அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே.

அப்பணியோடு இயன் பிளேயர் என்பவரின் பெயர் சேர்த்துப் பேசப்படும். அவரோடு காடெல்லாம் நடந்து, விலங்கின் தடத்தையும் பறவையின் குரலையும் அவருக்குக் கற்பித்தவர் மக்குபு ந்தொம்பெலா என்னும் சூலு வனக்காவலர். தமக்கு ஆசான் அவரே என்று பிளேயர் பின்னாளில் நன்றியோடு எழுதினார். காட்டைக் காத்தவருட் பெரும்பாலோர் வேலியோரத்து ஊர்களின் மக்களே என்பதற்கு இது ஒரு சான்று.

அதே காட்டுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வடக்கே ம்கூசே சரணாலயத்துக்கு மேலே மலையின்மீது உபொம்போ என்னும் மிகச் சிறிய ஊர் உள்ளது. 1894ஆம் ஆண்டின் இறுதியில் டேவிட் புறூஸ் என்னும் இராணுவ வைத்தியர் தம் மனைவியோடு அங்கே வந்து, குடிசையொன்றை ஆய்வுகூடமாக்கினார். சூலு மக்கள் ‘நகானா’ என்று பெயரிட்டிருந்த கால்நடை நோய்க்கு, குருதியில் வாழும் நுண்ணுயிரே காரணமென்றும், செற்சி ஈயே அதனைப் பரப்புகிறதென்றும் அவர் கண்டறிந்தார். அறிவுலகத்துக்கு அது பெரும் பேறு; காட்டு விலங்குகளுக்கோ அதுவே கேடாயிற்று. விலங்குகளின் குருதியில் நோய் தங்கியிருப்பதால் விலங்குகளையே ஒழிக்க வேண்டும் என்று கால்நடைப் பண்ணையாளர் கோரினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலட்சம் என்று சொல்லத்தக்க தொகையான மான்களும் வரிக்குதிரைகளும் எருமைகளும் அரசாங்க ஆணையின்படி சுடப்பட்டன. காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தனர். 1945இன் பின் ஆகாய விமானத்திலிருந்து டி.டி.ரி. தெளித்து ஈயை ஒழித்த பின்னரே துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இன்றும் துப்பாக்கி முற்றாக ஓயவில்லை. கொம்புக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்லும் திருட்டு வேட்டை 2023ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கா முழுவதிலும் 499 விலங்குகளைப் பலிகொண்டது; அவற்றுள் 307 இந்த ஒரு பூங்காவிலேயே கொல்லப்பட்டன. ஆகவே 2024இல் இங்குள்ள காண்டாமிருகங்களின் கொம்புகளை மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுக்கத் தொடங்கினர். அவ்வாண்டு மாகாணத்தின் இழப்புக் குறைந்தது. கொம்பில்லாத காண்டாமிருகத்தைக் காண்பது மனத்துக்கு உவப்பானதன்று. அது உயிரோடு நிற்பதைக் காண்பதே ஆறுதல்.

வேலியின் மறுபுறத்தில் ஏழ்மை உண்டு. வேலையில்லா இளைஞர் உண்டு. இம்பொலோசியின் எல்லையை அடுத்த சொம்கேலேயில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுண்டு. அது தரும் வேலையை வேண்டுவோரும், அதனால் வீட்டையும் நீரையும் இழப்போம் என்று அஞ்சுவோரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். சுரங்கத்தை விரிவாக்குவதை எதிர்த்து நின்ற பிகிலே ந்சாங்கசே என்னும் அம்மையார் 2020 ஒக்ரோபரில் தமது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேலியோர ஊர்களில் இவ்வழக்குகள் எவ்வளவு கூர்மையானவை என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இறுதியாக, மொசாம்பிக் எல்லையை அணுகியுள்ள மங்கூசி என்னும் ஊருக்குச் செல்வோம். இங்கிருந்து மணற்பாதையில் இறங்கினால் ஒன்றோடொன்று தொடுத்த கோசி ஏரிகள் வரும். கடல்வாயை நெருங்கும் ஆழமற்ற நீரில், மரக்கழிகளை வளைந்த வரிசையாக நட்டு, கொடியாலும் சுள்ளியாலும் கட்டிய மீன்பிடி அடைப்புகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டுவோர் தொங்கா இனத்தார். ஒவ்வோர் அடைப்பும் ஒரு குடும்பத்தின் முதுசொம். தந்தையிடமிருந்து மைந்தன் பெறுவது. பெருமீன் சிக்கிக்கொள்ளும், சிறு மீன் கழிகளின் இடுக்கால் தப்பிவிடும். பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வரும் முறை இது.

அதே கடற்கரையில் நவம்பர் முதல் சனவரி வரையுள்ள இரவுகளில், ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோலால் முதுகு மூடிய பேராமைகளும், பெருந்தலை ஆமைகளும் முட்டையிடக் கரையேறுகின்றன. 1963 முதல் இடையறாது அவற்றைக் கணக்கெடுத்துக் காத்து வருகின்றனர். இரவெல்லாம் கரையில் நடந்து தடம் பார்ப்போர் அயற்கிராமத்தவர்கள். முன்னர் ஆமை முட்டை உணவாக இருந்த ஊர்களில், இன்று ஆமையைக் காத்தல் ஊதியம் தரும் தொழிலாயிற்று. ஆனால் சற்றுத் தெற்கிலுள்ள சிபாயா ஏரி, தென்னாபிரிக்காவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி, இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் மிகவும் தாழ்ந்திருந்தது. மழைக்குறைவு ஒரு காரணம். சூழ நட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுதல் மற்றொரு காரணம். அம்மரங்களும் அவ்வூர் மக்களுக்குக் காசு தருவனவே. இங்கும் கணக்கு எளிதன்று.

இவ்வூர்களுக்குச் செல்ல எண்ணும் நேயர்களுக்குச் சில சொற்கள். மே முதல் செப்ரெம்பர் வரையுள்ள வறண்ட குளிர்காலமே விலங்குகளைக் காண உகந்தது, நுளம்பும் குறைவு. மொசாம்பிக் எல்லையை நெருங்குமிடங்களுக்கு மலேரியா தடுப்பு மருந்து பற்றி வைத்தியரிடம் கேட்டுச் செல்லுதல் நன்று. தேங்கிய நீரில் இறங்காதீர்கள். முதலையன்றி, நீரிலுள்ள நத்தை வழியாகப் பரவும் நோயும் உண்டு. பூங்காவுக்குள்ளே இரண்டு இரவு தங்கினால், வெளியிலுள்ள ஊரில் ஓரிரவாவது தங்குங்கள். வழிகாட்டி வேண்டுமாயின் அவ்வூரவர் ஒருவரை அமர்த்துங்கள். கூடையை, அதை இழைத்த கையிலிருந்தே வாங்குங்கள். பிரயாணி செலவிடும் பணத்தில் ஒரு பகுதியாவது வேலியோரத்தில் தங்கினால்தான், காண்டாமிருகத்தின் உயிர் அதன் கொம்பைவிட மதிப்புடையது என்று அவ்வூர் இளைஞன் நம்புவதற்கு நியாயம் இருக்கும்.

வேலி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது இல்லாதிருந்தால் வெண்காண்டாமிருகம் இன்று படத்தில் மட்டுமே இருந்திருக்கும். ஆயினும் கம்பியால் மட்டும் ஒரு காட்டைக் காத்துவிட முடியாது என்பதற்கு மேற்சொன்ன ஊர்கள் அனைத்தும் சாட்சி. பங்காசி மக்களுக்குப் பங்கு கிடைத்தபின் கிழக்குக் கரை நிலைபெற்றது. கோரை அறுக்க வழிவிட்டதால் கோரை தழைக்கிறது. ஊரவரே காவலரானதால் ஆமை கரையேறுகிறது. பங்கு கிடையாத இடங்களில் திருட்டு வேட்டைக்காரனுக்கு வழிகாட்ட ஆள் கிடைத்துவிடுகிறது. விலங்கைக் காணச் செல்பவர்கள் அவ்விலங்கின் அயலவரையும் காணவேண்டும் என்பதே நான் வேண்டுவது.